மல்லியின் இருமலும் டாக்டர் பகவதியும்

ஷாஜியின் அழைப்பு வந்தபோது நான் லாயத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். சங்குமுகம் கடற்கரையில் குதிரைச் சவாரி நடத்தும் ஷாஜி, எதுவானாலும் குரல் பதிவு அனுப்புகிறவன். நேராக அழைக்க மாட்டான். எடுத்தவுடன், "சேச்சி, நம்மட டாக்டர் போயி" என்றான். "எங்கே போனார்?" என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அதன் பிறகுதான் எனக்கு விளங்கியது.

குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் இசக்கியிடம் சொன்னேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, எங்களிடம் தங்கிவிட்ட மனிதர் அவர். கையிலிருந்த புல்கட்டை இறக்கி வைத்துவிட்டு, "நம்ம டாக்டரம்மாவா?" என்று மட்டும் கேட்டார். தலையசைத்தேன். குதிரைகள் கதவுகளை உதைக்கத் தொடங்கின. அவற்றுக்குத் தீனி வைத்துவிட்டுத்தான் இருவரும் டாக்டரின் வீடு இருக்கும் கோட்டைப் பக்கம் கிளம்பினோம்.

டாக்டர் பகவதி பிறந்து வளர்ந்த அந்த அக்ரகாரத் தெருவில் அன்று நின்றவர்களில் பாதிப் பேர் உறவினர் அல்லர். நாய் வளர்ப்பவர்கள், பால் மாடு வைத்திருப்பவர்கள், கடற்கரைக் குதிரைக்காரர்கள். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலில் தயங்கி நின்றார்கள். அவருடைய அண்ணா வெளியே வந்து, "எல்லாரும் உள்ளே வாங்கோ. அவ இருந்தா உங்களை வெளிய நிறுத்தியிருப்பாளா?" என்று அழைத்துப் போனார். முந்தைய இரவு சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அறுபதைத் தொடாத வயது.

அவரை அறிந்த ஒவ்வொருவரிடமும் ஒரு கதை இருக்கும். என்னிடம் இருப்பது என் குதிரை ஒன்றுக்கு வந்த இருமலும் மூக்கொழுகலும் பற்றிய கதை. அவர் எப்படிப்பட்டவர் என்பதை நான் அதில்தான் கண்டேன். ஆகவே அதையே சொல்கிறேன்.

நான் சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவள். கழக்கூட்டத்தில் கணினி வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு, அங்கிருந்து சற்று உள்ளே ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்துச் சிறிய குதிரையேற்றப் பள்ளி தொடங்கினேன். "பெண்ணுக்குப் புத்தி பிசகிப் போச்சு" என்று என் அப்பா கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். குதிரைக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் இந்த ஊரில் மிகக் குறைவு. யாரோ டாக்டர் பகவதியின் எண்ணைத் தந்தார்கள். ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பருத்திப் புடவை, அதன் மேல் ஒரு பழைய வெள்ளைக் கோட்டு, காலில் ரப்பர் பூட்ஸ். முதல் கேள்வி குதிரையைப் பற்றி அல்ல. "தண்ணி எங்கேந்து எடுக்கறேள்? கிணறா, குழாயா?" என்றார். கிணறு என்றேன். "எனக்கு ஒரு டம்ளர் தாங்கோ" என்று வாங்கிக் குடித்துவிட்டு, "நன்னாருக்கு. இனி குதிரையைப் பாக்கலாம்" என்றார். விரைவிலேயே என்னை "செல்வி", "நீ" என்று அழைக்க ஆரம்பித்தார். எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகமில்லை. ஆனாலும் நான் கடைசி வரை டாக்டர் என்றே அழைத்தேன்.

ஓர் ஆண்டு ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடாமல் பெய்தது. வைக்கோல் எல்லாம் நமுத்துப் போயிருந்தது. எங்கள் மல்லி இருமத் தொடங்கினாள். மல்லி பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பழுப்பு நிறப் பெண் குதிரை. குழந்தைகள் ஏறினால் தன் நடையைத் தானே குறைத்துக்கொள்ளும் சுபாவம். காலையில் தீனி தின்னும்போது இருமினாள். இரண்டு மூக்குத் துவாரங்களிலும் தண்ணீர்போல ஒழுகியது.

டாக்டர் வந்தார். வாலைத் தூக்கி வெப்பமானியை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு வைக்கோலில் ஒரு பிடி எடுத்துத் தன் மூக்கருகே கொண்டுபோனவர், அடுக்கடுக்காகத் தும்மினார். "பாத்தியா? எனக்கே இப்படின்னா அவளுக்கு எப்படி இருக்கும்? பூஞ்சையாக்கும் இது. எல்லாத்தையும் மாத்து. நனைச்சுப் போடு. தலைக்கு மேலே தொங்க விடாதே, கீழே வை. தலை குனிஞ்சு தின்னாத்தான் சளி தானா வடியும்" என்றார்.

அடுத்த தோப்பின் காவல்காரர் வந்து, மிளகைப் பொடித்து மூக்கில் ஊதினால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்றார். டாக்டர் சிரிக்கவில்லை. "உங்களுக்கு ஊதினா சரியாயிடுமா?" என்று கேட்டார். அவர் யோசித்துவிட்டு, "எனக்கு வேண்டாம்" என்றார். "அவளுக்கும் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஓணம் வந்தது. கழக்கூட்டத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் குழந்தைகளுக்குக் குதிரைச் சவாரி வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். எங்கள் மல்லியும் ஷாஜியின் சுல்தானும் போவதாக ஏற்பாடு. சுல்தான் வயதான வெள்ளைக் குதிரை. சங்குமுகத்துக்குப் போன பாதிக் குடும்பங்களின் ஆல்பத்தில் அவன் இருப்பான். மல்லிக்கு இருமல் பெரும்பாலும் குறைந்திருந்தது. போகலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். மறுபடியும் சோதித்துவிட்டு, "மெதுவா நடக்கறதுன்னா போகட்டும். ஓட்டாதே" என்றார். ஷாஜியும் அவரையே அழைத்துக் கேட்டுக்கொண்டான். தரையில் பூவால் கோலமிட்ட பூக்களத்துக்குப் பக்கத்தில் இரண்டு குதிரைகளும் ஒரே தொட்டியில் தண்ணீர் குடித்தன. மல்லி சுல்தானின் கழுத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தாள். குழந்தைகள் அதைப் படம் எடுத்தார்கள்.

ஓணம் முடிந்த சில நாட்களில் இசக்கி காலையில் வந்து என்னைக் கூப்பிட்டார். "அக்கா, மல்லி ஒண்ணுமே திங்க மாட்டேங்கு. மூக்குல மஞ்சளா கெட்டியா வடியுது. கழுத்தை நீட்டிக்கிட்டே நிக்கா."

டாக்டர் வந்தபோது மல்லிக்கு நல்ல காய்ச்சல். அவர் தாடைக்கு அடியில் கையை வைத்தார். இரு பக்கமும் மெல்ல அழுத்திப் பார்த்தார். மல்லி வலியில் தலையை உதறினாள். டாக்டர் கையை எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு எதிர் வரிசையில் நின்ற புதுக் குதிரையைப் பார்த்தார். மழைக்கு முன்பு வெளியூரிலிருந்து நாங்கள் வாங்கி வந்த குதிரை அது. பார்வைக்கு எந்த நோயும் இல்லாதது.

"அது எப்போ வந்தது?" என்றார்.

சொன்னேன்.

"என் கண்ணு முன்னாடியே நின்னுண்டிருந்திருக்கு. நான் கேக்கவே இல்லை" என்றார். கையுறையைக் கழற்றினார். "செல்வி, நான் தப்பாச் சொல்லிட்டேன். இது வைக்கோல் இருமல் இல்லை."

நோயின் பெயர் ஸ்ட்ராங்கிள்ஸ். தாடைக்கு அடியிலும் தொண்டைக்குள்ளும் கட்டி கிளம்பிச் சீழ் பிடிக்கும். பார்க்க நன்றாக இருக்கும் குதிரைகூட அந்தக் கிருமியைத் தொண்டையில் சுமந்துகொண்டு வந்து மற்றவற்றுக்குக் கொடுத்துவிடும். ஒரே வாளி, ஒரே துணி, ஒரே தொட்டி போதும். பரிசோதனைக்குச் சளி எடுத்துக்கொண்டார். முடிவு வரும்வரை காத்திருக்கவில்லை. தோப்பின் கோடியில் மல்லியைத் தனியாகக் கட்டச் சொன்னார். அவளுக்கென்று தனி வாளி, தனித் துணி. "முதல்ல நன்னா இருக்கறதுகளைப் பாக்கணும். கடைசில மல்லிகிட்டே போகணும். அவளைத் தொட்ட கையோட திரும்பி வரப்படாது. குளிச்சுட்டுத்தான் வரணும். மனசிலாச்சா?" என்று இசக்கியிடம் சொன்னார். "மனசிலாச்சு டாக்டரம்மா" என்றார் அவர். பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

நான் கைப்பேசியை எடுத்தேன். ஷாஜிக்குச் சொல்ல வேண்டுமே. டாக்டர் என் கையைப் பிடித்தார். "வேண்டாம். மல்லி போகலாம்னு சொன்னது நானாக்கும். அதனால நான்தான் சொல்லணும். நேர்ல போய்ச் சொல்லணும்."

நானும் கூடப் போனேன். ஓண விடுமுறைக் கூட்டம் கடற்கரையில் இன்னும் குறையவில்லை. சுல்தான் மேல் ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது. டாக்டர் அந்தக் குழந்தை இறங்கும்வரை காத்திருந்தார். பிறகு ஷாஜியிடம் விவரம் சொன்னார். குதிரைகளைப் பிரித்துக் கட்ட வேண்டும், சவாரியை நிறுத்த வேண்டும், தினமும் காய்ச்சல் பார்க்க வேண்டும்.

ஷாஜிக்கு முகம் சிவந்துவிட்டது. மலையாளமும் தமிழும் கலந்து கத்தினான். "நிறுத்தணுமா? இந்த சீசன்லயா? டாக்டர் பறஞ்சிட்டு அல்லே நான் கொண்டு போனது? குழப்பமில்லைன்னு பறஞ்சது ஆரு?"

சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஐஸ்கிரீம் விற்பவர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். நான் குறுக்கே பேசப் போனேன். டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார்; பேசாமல் நின்றுவிட்டேன்.

"நான்தான் சொன்னேன், ஷாஜி. நான் சொன்னது தப்பு" என்றார்.

அவன் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினான். தன் குதிரையை இனி அவர் தொடக்கூடாது என்றான். அவர் பையிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்து அவன் முன்னே இருந்த முக்காலியில் வைத்தார். "காலம்பறயும் சாயங்காலமும் சூடு பாருங்கோ. ஏறினா என்னை விளிக்கணும்னு இல்லை. வேற டாக்டரை விளிச்சாலும் போறும். ஆனா விளிக்கணும்" என்றார்.

திரும்பி வரும் வழியில் நான் கோபமாக இருந்தேன். அத்தனை பேர் முன்னால் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும், இருமலாகத் தொடங்கியபோது யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்றேன். "இருக்கலாம். ஆனா அவன் குதிரை அங்கே வந்தது என் பேச்சைக் கேட்டுத்தானே. நான் வார்த்தையை மழுப்பினா அவன் சுல்தானை மாத்திக் கட்ட மாட்டான். ரெண்டு நாள் யோசிப்பான். அந்த ரெண்டு நாள்ல மத்ததுக்கும் வந்துடும்" என்றார். அப்போதுதான் ஒன்று புரிந்தது. அவர் தன் மனச்சுமையை இறக்கிவைக்கப் போகவில்லை. அந்த ஒப்புதல் சிகிச்சையின் ஒரு பகுதி.

மல்லிக்கு இசக்கியும் நானும் மாறி மாறி வெந்நீர்த் துணி ஒத்தடம் கொடுத்தோம். கட்டி பழுக்கும்வரை கத்தி வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். விழுங்க வலித்ததால் தவிட்டைக் கஞ்சிபோலக் கரைத்துத் தரையில் வைத்தோம். முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். டாக்டர் வந்து, விரலில் கொஞ்சம் எடுத்து அவள் உதட்டில் தடவி, அவள் நக்கும்வரை குந்தி உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரம் ஆகியிருக்கும். வேறு வேலை இருக்கும் மனிதர்போலவே தெரியவில்லை. ஒருநாள் கட்டி உடைந்தது. நாற்றம் தாங்கவில்லை. டாக்டர் சீழையெல்லாம் வடியவிட்டு, மருந்துநீரால் கழுவி, "அப்பாடி, நிம்மதியாச்சாடி உனக்கு?" என்று மல்லியின் நெற்றியைத் தடவினார். அன்று மாலையே அவள் புல்லைக் கடித்தாள். இசக்கி கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

சுல்தானுக்கு அவ்வளவு எளிதாக முடியவில்லை. ஷாஜி வெப்பமானியைத் தூக்கி எறியவில்லை. காலையும் மாலையும் பார்த்திருக்கிறான். காய்ச்சல் ஏறியதும் வேறொரு டாக்டரை அழைத்து மருந்து கொடுத்தான். ஆனால் கட்டி வெளியே வராமல் தொண்டைக்குள் வீங்கியது. ஒரு நண்பகலில் அவனுடைய அழைப்பு வந்தது, எனக்கு. "சேச்சி, சுல்தானுக்கு ஸ்வாசம் கிட்டுன்னில்லா. மத்த டாக்டர் ஊர்ல இல்ல. பகவதி டாக்டர் வருமோ?"

டாக்டரிடம் சொன்னேன். அவர் சாப்பிட உட்கார்ந்திருந்தார். இலையிலிருந்து எழுந்து வந்தார் என்று அவருடைய அண்ணா பிறகு சொன்னார்.

சங்குமுகத்துக்குப் பின்னால், ஓட்டுக் கொட்டகையில் சுல்தான் நின்றிருந்தான். கழுத்தை நீட்டி, மூக்குத் துவாரங்கள் விரிய, ஒவ்வொரு மூச்சுக்கும் மரம் அறுப்பதுபோலச் சத்தம். நாக்கு நீலம் பாயத் தொடங்கியிருந்தது. டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஷாஜி, கழுத்துல ஒரு ஓட்டை போடப் போறேன். அது வழியா மூச்சு விடுவான். வேற வழியில்லை. நீங்க சம்மதிக்கணும்" என்றார்.

"செய்யு டாக்டரே" என்றான் அவன்.

நான் கயிற்றைப் பிடித்தேன். ஷாஜி சுல்தானின் முகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். டாக்டர் கழுத்தின் நடுவில் ரோமத்தை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டார். வியர்வை அவர் புருவத்திலிருந்து சொட்டியது. துடைக்கக் கை இல்லை. "செல்வி, என் கண்ணைத் துடை" என்றார். என் துப்பட்டாவால் துடைத்தேன். தோலைக் கீறி, விரலால் தடவி, மூச்சுக்குழாயின் இரண்டு வளையங்களுக்கு நடுவே கத்தியை வைத்தார். உஸ்ஸென்று காற்று பாய்ந்தது. ரத்தமும் சளியும் அவர் கன்னத்தில் தெறித்தன. குழாயைச் செருகினார். மரம் அறுக்கும் சத்தம் நின்றது. சுல்தான் ஒரு முறை உடம்பு முழுக்க நடுங்கினான். பிறகு அந்தக் குழாய் வழியாக நீளமாக மூச்சு விட்டான். இன்னொரு மூச்சு. தலையைத் தாழ்த்தி ஷாஜியின் தோளில் வைத்தான்.

ஷாஜி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டான். டாக்டர் கைகளைக் கழுவிக்கொண்டே, "இப்போ எனக்கு ரொம்பப் பசிக்கறது. இங்கே நல்ல தோசை எங்கே கிடைக்கும்?" என்று கேட்டார்.

குழாயைச் சுத்தம் செய்ய அவர் தினமும் போய்வந்தார். உள்ளே இருந்த கட்டி மூக்கு வழியாக வடிந்து வற்றியது. குழாயை எடுத்த பிறகு துளை தானாகவே மூடிக்கொண்டது. ஷாஜியின் மற்ற இரண்டு குதிரைகளுக்குக் காய்ச்சல் வந்து, கட்டி உடைந்து, தேறின. பிரித்துக் கட்டியிருந்ததால் கடற்கரையின் மற்றக் குதிரைகளுக்குப் பரவவில்லை. எங்கள் புதுக் குதிரையைப் பலமுறை சோதித்து, கிருமி இல்லை என்று உறுதியான பின்புதான் மற்றவற்றோடு சேர்த்தோம்.

ஷாஜி ஒருநாள் நல்ல கரிமீனாக வாங்கி, வாழையிலையில் சுற்றி, டாக்டரிடம் கொடுத்துவிட்டான். மீனைத் தொடாத வீடு என்பது அவனுக்கு நினைவில்லை. அவர் மறுக்காமல் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள், "மீன் எங்ஙனே உண்டு டாக்டரே?" என்று ஆவலாகக் கேட்டான். "எதிராத்துப் பூனை இன்னும் என் காலையே சுத்திண்டிருக்கு, அவ்வளவு ருசி" என்றார். அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

எல்லாம் அவருக்கு நல்லதாகவே முடிந்தது என்று சொல்ல முடியாது. கடற்கரையில் நடந்த பேச்சு ஊரில் பரவியது. 'இருமலைக்கூடச் சரியாகக் கண்டுபிடிக்காத டாக்டர்' என்று சொல்லிச் சிலர் அவரை அழைப்பதை நிறுத்தினார்கள். அவருடன் படித்த ஒருவர், நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்குமே தெரிந்திருக்காதே என்று கேட்டாராம். கல்லாறு பக்கம் ஒரு குதிரையைப் பார்க்கப் போனபோது, ஆற்றில் காலை விட்டபடி பாறையில் உட்கார்ந்து இதை என்னிடம் சொன்னார். வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லாம இருக்குமா? ரெண்டு நாள் தூக்கம் வரலை" என்றார். பிறகு, "ஆனா ஒண்ணு கேட்டியா, இப்போ எங்கே இருமல்னு கூப்பிட்டாலும், புதுசா யார் வந்திருக்கான்னுதான் முதல்ல கேக்கறேன். என்னைக் கூப்பிடறவாளுக்கு இப்போ முன்னைவிட நல்ல டாக்டராக்கும் கிடைக்கறது" என்று சொல்லிச் சிரித்தார். அவர் தண்ணீரைக் காலால் அளைந்துகொண்டே இருந்தார். அன்று நாங்கள் திரும்பிவர வெகுநேரம் ஆயிற்று.

மல்லி இன்றும் குழந்தைகளைச் சுமக்கிறாள். சுல்தான் அதற்குப் பிறகு சில ஆண்டுகள் இருந்து, வயதாகி, நிம்மதியாகப் போனான். என் பள்ளி பிழைத்தது. இவை எல்லாவற்றுக்கும் நான் டாக்டருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். "போதும் போதும்" என்று கையை வீசுவார். சொல்லாத நன்றி ஒன்று இருக்கிறது.

அவருடைய காரியங்கள் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. எங்கள் மட்டக் குதிரை ஒன்று காலையில் இரண்டு முறை இருமியது. ஒரு பக்க மூக்கில் லேசாக ஈரம். காய்ச்சல் இல்லை. இப்போது எங்களுக்கு வரும் இளம் டாக்டர் மாலையில்தான் வர முடியும் என்றார். முந்தைய ஞாயிறு அந்தக் குதிரை, வேறு குதிரைகள் இருக்கும் இரண்டு இடங்களுக்குப் போய்வந்திருந்தது. நான் இசக்கியிடம் அதைத் தனியே கட்டச் சொல்லிவிட்டு, அந்த இரண்டு இடத்துக்காரர்களையும் அழைத்தேன். அவற்றில் ஓரிடத்துக்கு ஷாஜியின் குதிரையும் வந்திருந்ததால் அவனையும் அழைத்தேன். "ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இன்னும் தெரியாது. ஆனாலும் இப்போதே சொல்கிறேன்" என்றேன். ஒருவர் எரிச்சலோடு போனை வைத்துவிட்டார். ஒருவர் ஆயிரம் கேள்வி கேட்டார். ஷாஜி மட்டும், "சரி சேச்சி, நான் மாத்திக் கட்டறேன்" என்றான்.

மாலையில் அந்த இளம் டாக்டர் வந்து பார்த்தார். வெறும் தூசி. இரண்டு நாளில் சரியாகிவிட்டது. எரிச்சல்பட்டவர் அழைத்து, "இதுக்கா இவ்வளவு பயமுறுத்தினீங்க?" என்று கேலி செய்தார். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த முறை ஒரு குதிரை இருமினால் கேலி செய்தவரையே மறுபடியும் அழைப்பேன். டாக்டர் பகவதியிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த அழைப்புதான்.